அமாவாசை வெயில்

எங்கள் பக்கம் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. மாசி பாதி போய்விட்டால் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் வெயிலைத்தான் வைவார்கள். நான் ஒருத்திதான் வெயில் போதவில்லை, வெயில் போதவில்லை என்று வருடக்கணக்காக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, இருக்கிறது. அந்தக் கரட்டுக்கு வடக்கே ஒரு சோலார் கம்பெனியின் தளம். வரிசை வரிசையாகப் பேனல்கள், அவற்றுக்கு நடுவில் கம்பிவேலி போட்ட ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு இரும்புத் தூண். தூணின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி, அதன் மேல் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் விழுகிற வெயிலை அது நிமிடத்துக்கு நிமிடம் அளந்து சொல்லும். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு பள்ளிக்கூட வேலைக்குக் காத்துக் காத்துச் சலித்துப்போன எனக்குக் கிடைத்த வேலை, அந்தக் குமிழைப் பார்த்துக்கொள்வது.

சென்னையில் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் வேறொரு வெயில் இருந்தது. அது கணக்கு வெயில். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இடம் எவ்வளவு மேடு, காற்றில் ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று கொடுத்தால், மேகமே இல்லாத நாளில் இந்த இடத்தில் இந்த நிமிடத்தில் எவ்வளவு வெயில் தரையில் விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அதை நீலக் கோடாகப் போடுவார்கள். என் குமிழ் அளந்ததைச் சிவப்புக் கோடாக அதன் மேல் போடுவார்கள். இரண்டும் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி காலையில் ஏறி, உச்சியில் நின்று, சாயங்காலம் இறங்கும். மேகம் இல்லாத நாளில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிந்துவிட வேண்டும். மற்ற ஊர்த் தளங்களில் படிந்தன. எங்கள் தளத்தில் சிவப்பு எப்போதும் நீலத்துக்கு ஒரு விரல் கீழேதான் போனது.

வெயில் குறைந்தால் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரைக் கேட்பார்களா, என்னைத்தான் கேட்டார்கள். குமிழைத் துடைக்கிறாயா என்றார்கள். பொழுது கிளம்புவதற்கு முன்னால் தினமும் துடைக்கிறேன் என்றேன். எந்தத் துணியில் என்றார்கள். கருவி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற நீர்க்குமிழியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கடைசியில் கருவியையே கழற்றி அனுப்பச் சொல்லிவிட்டுப் புதிதாக வேறொன்றை அனுப்பினார்கள். புதிதும் அதே ஒரு விரல் குறைவாகத்தான் காட்டியது. அதற்குப் பிறகும் மேலாளர் போனில் ‘நீங்க டெய்லி போறீங்க இல்ல?’ என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கருவியை அவர் மேஜையிலேயே கொண்டுபோய் நட்டுவிடலாம் போல இருந்தது.

தினமும் என்னைத் தளத்தில் இறக்கிவிடுவது என் அண்ணன். அவர் கரட்டின் இந்தப் பக்கத்துக் கிரஷரில் மெஷின் ஆபரேட்டர். டிப்பர் கொண்டுவந்து கொட்டுகிற பாறையை வாயில் வாங்கி மென்று ஜல்லியாகத் துப்புகிற பெரிய மெஷின் அது. அதன் தலைமாட்டில் நின்று, வாயில் கல் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கரட்டைச் சுற்றி அந்த மாதிரி நாலைந்து கிரஷர்கள். எங்கள் தளத்துக்குப் பாதை போட்ட ஜல்லியும் அங்கிருந்து வந்ததுதான். மதியம் எனக்குச் சோறு கொண்டுவருகிறபோது அண்ணனுக்குப் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். ‘ஒன்ற அண்ணனுக்கு இப்பவே கெழட்டு வேசம்’ என்று அவரே சொல்லிக்கொண்டு, துண்டால் முகத்தை அடித்துத் தட்டுவார். சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறும்.

அந்த இருமலுக்குப் பெயர் டிபி என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் இருமல், மறுபடியும் எக்ஸ்ரே படம், மறுபடியும் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், சோறு இறங்காது. கட்டுமஸ்தாக இருந்த மனிதர் இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டார். பைக்கில் அவர் பின்னால் உட்காருகிறபோது முதுகெலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு தெரியும். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, ஏதோ ஞாபகம் வந்தவர் போல வேடிக்கை பார்ப்பார். மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். எனக்கு எங்கள் அப்பா போனபோது வராத பயம் அந்தப் படிக்கட்டில் வந்தது.

அந்தத் தை மாதம் மேலாளரிடமிருந்து ஒரு போன். குரலில் வழக்கமான சந்தேகம் இல்லை, ஒரு குஷி இருந்தது. எங்கள் தளத்தின் பழைய தரவையெல்லாம் எடுத்து, மேகமில்லாத நாட்களை மட்டும் பொறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். எல்லா நாளும் சிவப்பு கீழே. ஆனால் இடையிடையே ஒரு நாள் மட்டும் சிவப்பு நீலத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறதாம். அடுத்த நாள் மறுபடி கீழே போய்விடுகிறதாம்.

‘மாசம் ஒரு தடவை மாதிரி வருதும்மா. இங்க ஒரு பையன் சந்திரனோட நிலையைப் போட்டுப் பார்த்தான். எல்லாம் அமாவாசையில வருது. நிலாவுக்கும் பகல் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க அமாவாசை அன்னிக்கு மட்டும் அந்தக் கருவிக்குப் பூஜை கீஜை ஏதாவது பண்றீங்களா?’

நான் சிரித்துவிட்டேன். சந்திரனுக்கு எங்கள் கரட்டின் மேல் அப்படி என்ன பிரியம் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். போனை வைத்துவிட்டுத் தெற்கே பார்த்தேன். கரட்டின் இடுப்பில் கிரஷர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று அமாவாசை இல்லை.

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும்தான். தறியானாலும் கட்டட வேலையானாலும் கிரஷரானாலும் லீவு அமாவாசைக்குத்தான். அன்று மெஷினைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல்லை உடைத்தால் கை கால் போகும் என்று பயம். எந்த முதலாளியும் அன்றைக்கு ஓட்டச் சொல்ல மாட்டார். இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி பழக்கம், யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

தை மாசியில் சூரியன் தெற்கு வாக்கில் போகும். அந்த வெயில் கரட்டைத் தாண்டித்தான் என் குமிழுக்கு வர வேண்டும். தூசியை நான் பார்க்காதவள் இல்லை. ஆனால் எங்களுக்குத் தூசி என்றால் சட்டையில் படிவது, சாப்பாட்டுத் தட்டில் விழுவது, பேனலைத் துடைத்தால் துணியில் வருவது. மேலே நீலமாக இருக்கிற வானத்தில் தூசி நிற்கிறது என்று யாருக்கும் தோன்றாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி தரைக்கு வந்துவிடும். தெரியாத தூள்தான் இறங்காமல் நிற்கும், வெயிலை வழிமறிக்கும். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த தூசிக் கணக்கோ சாட்டிலைட் படத்திலிருந்து வந்தது. அதில் சேலமும் நாமக்கல்லும் ஒரே கட்டத்துக்குள் கிடக்கின்றன. ஏற்காட்டுக்கும் எங்கள் கரட்டுக்கும் ஒரே காற்று என்பது அதன் தீர்ப்பு.

அப்படியானால் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு விரல் இடம் கல்தூள். அதன் ஓரத்தில் நான் நிற்கிறேன். அண்ணன் அதன் நடுவில், மெஷினின் வாய்க்கு மேலே நிற்கிறார். இது தோன்றிய நிமிடத்தில் இருமலுக்குப் பெயர் டிபி இல்லை என்று எந்த டாக்டரும் சொல்லாமலே எனக்கு உறுதியாகிவிட்டது. அண்ணனை அந்த மெஷின் பக்கத்திலிருந்து இழுத்துவிட வேண்டும், இன்றைக்கே இழுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் இல்லை.

மதியம் சோறு கொண்டுவந்தவரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

‘அண்ணா, இது வர வேண்டிய வெயிலு. இது வந்த வெயிலு. நடுவுல கொறையறது பூராவும் உங்க கிரஷர் தூளு. அமாவாசைக்கு மட்டும் ரெண்டும் ஒட்டுது பாருங்க.’

அவர் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். ‘கொஞ்சூண்டுதான அம்மிணி கொறையுது. இதுக்கு எதுக்கு இந்தப் பாடு? வெயிலு கொறஞ்சா சனங்க சந்தோசப்படுவாங்க.’

‘வெயிலு எக்கேடோ கெட்டுப்போகட்டுங்க. அந்தத் தூளு உங்க நெஞ்சுல இருக்குது. இது டிபி இல்லீங்ணா.’

‘நீ டாக்டருக்கா படிச்ச?’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தூக்குப்போசியைத் திறந்து முதலில் எனக்குப் போட்டார்.

கெஞ்சி, சண்டை போட்டு, அண்ணியை விட்டு அழவைத்து, ஈரோட்டில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பழைய படங்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, ‘என்ன வேலை பாக்கறீங்க?’

‘விவசாயமுங்க’ என்றார் அண்ணன்.

‘என்ன வெள்ளாமை?’

‘குச்சிக்கெழங்குங்க.’

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அண்ணன் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு முக்கால் ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது, அதில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி நிற்கிறது. எங்கள் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவரைக் கேட்டாலும், போர்வெல் ரிக் வண்டியோடு வருடம் முழுக்க வடக்கே சுற்றுகிறவரைக் கேட்டாலும், வேலை விவசாயம் என்றுதான் வரும். பிழைப்பைக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றாது. ஆள் யார் என்று கேட்பதாகத் தோன்றும். கல் உடைக்கிறேன் என்று ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வானா? முதல் டாக்டரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார், இரண்டாவது தடவையும் இதையேதான் சொல்லியிருப்பார். குச்சிக்கிழங்கு போடுகிறவனுக்கு இருமல் வந்தால் யாராக இருந்தாலும் டிபி என்றுதான் நினைப்பார்கள்.

‘கிரஷர்லங்க டாக்டர்’ என்று நான் குறுக்கே விழுந்தேன். ‘பதினெட்டு வயசுல இருந்து கிரஷர். விவசாயம் பேருக்குத்தானுங்க.’

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவமானம் இருந்தது. டாக்டர் படத்தை மறுபடி கையில் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் அண்ணனிடம் அதிகம் பேசவில்லை. கல்தூள் உள்ளே போய் நுரையீரல் கல்லாகிக்கொண்டே வருகிறது என்றும், இதைக் கரைக்க மருந்து கிடையாது என்றும், இன்றோடு அந்த இடத்தை விட்டால் இன்னும் கொஞ்ச காலம் இழுக்கலாம் என்றும் என்னைப் பார்த்தே சொன்னார். டிபி மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தார்.

ஈரோட்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். திருச்செங்கோட்டு மலை தெரிந்ததும் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

‘டிபின்னா மாத்திரை இருக்குது அம்மிணி. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு நல்லாயிருவன்னு திங்கலாம். நீ கூட்டீட்டு வந்து அதையும் புடுங்கிப்புட்ட.’

எனக்கு அழுகை வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது. ‘கிரஷருக்குப் போகாதீங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம். ஊட்டுல இருங்க.’

‘ஊட்டுல இருந்து என்ன பண்றது? மூச்சு வாங்குதான்னு ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறதா?’

மறுநாள் மறுபடி பழைய டாக்டரின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். என்னை இறக்கிவிட்டுவிட்டு, ‘சாயங்காலம் வாரேன்’ என்றார். என்றைக்கும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அண்ணனைத் தடுக்க முடியவில்லை என்றால் தூளையாவது தடுக்கலாம் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. மெஷின் வாயில் தண்ணீர் பீய்ச்சினால் பாதித் தூள் எழும்பாது, ஜல்லியைக் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டை மூடிவிட்டால் இன்னும் குறையும். அதற்கான குழாய் எல்லாக் கிரஷரிலும் இருக்கிறது, அதிகாரி வருகிற நாளில் மட்டும் திறப்பார்கள். நான் மேலாளருக்கு நீளமாக எழுதினேன். அமாவாசை வெயிலுக்குக் காரணம் சந்திரன் இல்லை, கிரஷர். கரண்ட் குறைவதற்கும் அதுதான் காரணம். நம் கம்பெனி தன் நஷ்டத்துக்காகக் கேட்டாலே போதும், கிரஷர்காரர்கள் தண்ணீர் திறந்துவிடுவார்கள். இப்படி எழுதினேன். அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அப்படியே விட்டு அனுப்பினேன்.

மேலாளர் உடனே கூப்பிட்டார். மிகவும் சந்தோஷமாக இருந்தார். புதிர் விடுபட்டதாம். அண்ணனுக்காக வருத்தப்படுவதாகவும் சொன்னார், நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ‘ஆனா அது நம்ம வேலை இல்லைம்மா. நமக்குக் கம்ப்யூட்டர் மாடல் சரியா வரணும், அவ்வளவுதான். தூசி அங்க இருக்குன்னா இருக்குன்னு மாடலுக்குச் சொல்லிட்டா போச்சு.’

சொல்லிவிட்டார்கள். எங்கள் தளத்துக்கென்று தனியாக ஒரு தூசி எண் போட்டார்கள். அமாவாசைக்குப் பழைய எண், மற்ற நாளுக்குப் புது எண் என்று பஞ்சாங்கத்தையே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து நீலக் கோடு ஒரு விரல் கீழே இறங்கிவந்து சிவப்போடு ஒட்டிக்கொண்டது. எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. கணக்கு வெயிலும் அளந்த வெயிலும் இவ்வளவு அழகாகப் பொருந்துகிற தளம் வேறு இல்லை என்று பாராட்டியிருந்தார்கள். கீழே கை தட்டுகிற படங்கள்.

அந்தப் படத்தை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குறையும் இல்லை. வானத்தில் தூள் அதே தூள்தான், கிரஷர் அதே கிரஷர்தான். குறைகிறது என்று காட்டிக்கொடுத்த அந்த இடம் மட்டும் காணாமல் போயிருந்தது. இனி என் அண்ணன் மூச்சில் போவதெல்லாம் எங்கள் ஊரின் இயல்பான காற்று. அன்று தளத்திலிருந்து தனியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

கிரஷர் முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். அண்ணனுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் மெஷினிலிருந்து எடுத்து, கேட்டை ஒட்டிய எடைமேடை அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். லாரிகள் வந்து நின்று எடை போட்டுப் போகும். அந்த அறைக்குக் கண்ணாடி ஜன்னல் இருந்தது, கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் தினமும் காலையில் விரலால் எழுதுகிற அளவுக்குத் தூள் இருந்தது. அண்ணன் அடுத்த மழைக்காலம் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தார். பிறகு பைக்கை மிதித்து ஸ்டார்ட் பண்ண முடியவில்லை. நான் பஸ்ஸுக்கு மாறினேன்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். அது பக்கத்து அறையில் பால் மாடு அசைபோடுகிற மாதிரி விட்டுவிட்டுச் சத்தம் போடும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அண்ணன் தலையணைகளை மடியில் அடுக்கி, அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அண்ணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் உட்கார்ந்து தூங்கினார். ஒரு நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, ‘இப்ப வெயிலு எப்பிடி, ஒட்டுதா?’ என்று கேட்டார். ஒட்டுதுங்கண்ணா என்றேன். ‘பாத்தியா, நீதான் வீணாப் பயந்த’ என்றார். கேலி பண்ணுகிறாரா, நிஜமாகவே நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதம், ஒரு விடியற்காலையில் போய்விட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முதலாளி முதல் ஆளாக மாலையோடு வந்தார். வாசலில் நின்று, எல்லாரும் கேட்கிற மாதிரி போனில் சொன்னார்: ‘எடுக்கற வரைக்கும் கரட்டுல ஒரு மெஷின் ஓடக் கூடாது. மத்த கிரஷர்காரங்களுக்கும் சொல்லீரு.’ அப்படியே நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து கரடு கொஞ்ச தூரம்தான். அன்று காலையில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அமாவாசை தவிர்த்து ஒரு நாளும் நிற்காத மெஷின் அவருக்காக நிற்கிறது பார் என்று அண்ணியிடம் யாரோ சொன்னபோது, அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். உச்சிப்பொழுதுக்கு எடுத்தார்கள். பறைச்சத்தம் தெருமுனை தாண்டியதும் நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனோம்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் காத்திருந்தது. ‘இந்தத் தேதியில் உங்கள் தளத்தில் காலை முழுவதும் அளந்த வெயில் கணக்கு வெயிலைவிட அதிகம். மதியத்துக்குப் பிறகு தானாகச் சரியாகிவிட்டது. அமாவாசையும் இல்லை. கருவியைச் சரிபார்த்துக் காரணம் தெரிவிக்கவும்.’ கூடவே படம்.

தேதியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புக் கோடு விடிந்ததிலிருந்து நீலத்துக்கு மேலே போயிருந்தது. மதியத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வலது பக்கம் கண்ணை ஓட்டினேன். உச்சி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு சரிந்து இறங்கி நீலத்தோடு ஒட்டிக்கொண்டது. கீழே இருந்த நேரத்தைப் படித்தேன். அந்த நேரத்தில் நாங்கள் ஈரத்தலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அண்ணன் மகன் கொள்ளிவைத்தபோது கரட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, வீட்டு அழுகையில் எங்கள் காதில் விழவில்லை. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. எடுக்கிற வரைக்கும் என்றார், எடுத்ததும் ஓட்டிவிட்டார்.

இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

பதில் எழுதினேன். ‘கருவியில் கோளாறு இல்லை. என் அண்ணன் இறந்துவிட்டார். அவர் உடலை எடுக்கும் வரை கிரஷர்களை நிறுத்தியிருந்தார்கள். அன்று காலையில் விழுந்ததுதான் இந்த இடத்துக்கு விழ வேண்டிய வெயில்.’

சாயங்காலத்துக்குள் மேலாளர் பதில் போட்டார். ஆழ்ந்த இரங்கல் என்று முதல் வரி. காரணம் தெரிந்ததால், வழக்கத்துக்கு மாறான நாள் என்று குறித்து அந்தத் தேதியின் தரவை முழுவதுமாக நீக்கிவிட்டதாக இரண்டாவது வரி. தளத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்தத் தேதிக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டிலும் கோடுகள் நன்றாக ஒட்டியிருந்தன.